ஞாபகமும் ருசியும்

ஏஜெண்டு என்ற வார்த்தை எங்கள் கன்னிவாடிப் பக்கத்துக்குப் புதிதல்ல. இன்ஷூரன்ஸ் ஏஜெண்டைத் தெரியும். விதைக் கம்பெனி ஏஜெண்டைத் தெரியும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்கு விலை பேசிக் கொடுத்துக் கமிஷன் எடுத்துக்கொள்கிறவரையும் தெரியும். ஏஜெண்டு என்பவர் நமக்காகப் பேசுகிறவர், நமக்காக நடக்கிறவர். அவர் நமக்காகத்தான் நடக்கிறாரா, தமக்காக நடக்கிறாரா என்ற சந்தேகமும் அந்த வார்த்தையோடு கூடவே பிறந்ததுதான். இப்போது செயற்கை அறிவு யந்திரங்களையும் ஏஜெண்டு என்று சொல்லுகிறார்கள். கடிதம் எழுதித் தருகிறது. பயிருக்கு யோசனை சொல்லுகிறது. அடுத்து எந்தப் புத்தகம் படிக்கலாம் என்று கேட்டால் அதற்கும் தயங்காமல் பதில் சொல்லுகிறது. ஆளுக்குத் தகுந்தபடி நடந்துகொள்ளும் என்பது அதன் புதுப் பெருமை.

இந்தப் பெருமையைக் கொஞ்சம் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. நாவல் எழுதுகிறவனுக்கு யந்திரத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். ஆளுக்குத் தகுந்தபடி பேசுவது என்பது கதாசிரியனுக்குப் பழைய பிரச்னை. வாசகனைத் தெரிந்துகொண்டு எழுதுவது ஒன்று. வாசகனுக்குப் பிடித்ததை எழுதுவது மற்றொன்று. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கிட்டே போய்ப் பார்த்தால்தான் ஒன்றுக்கொன்று எவ்வளவு விரோதம் என்பது தெரியும். யந்திரம் செய்கிறவர்களிடமும் இந்த இரண்டும் இருக்கின்றன. ஒன்று ஞாபகம், மற்றது ருசி. இரண்டையும் ஒரே பையில் போட்டு, ஒரே பெயர் சொல்லி விற்கிறார்கள். விமர்சகன் செய்ய வேண்டிய முதல் வேலை பையைப் பிரித்துப் பார்ப்பது.

முதலில் ஞாபகத்தை எடுத்துக்கொள்வோம். மளிகைக் கடை அண்ணாச்சியிடம் பற்று நோட்டு ஒன்று இருக்கும். மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது அதை நம் முன்னால் பிரித்து வைத்துத்தான் பேசுவார். "பன்னிரண்டாம் தேதி நல்லெண்ணெய் ஒரு லிட்டர் போயிருக்கு" என்பார். "அன்னிக்கு நான் ஊர்லயே இல்லையே அண்ணாச்சி" என்று நாம் சொல்லலாம். "உங்க தம்பி வந்து வாங்கிட்டுப் போனாரு" என்று அவர் சொல்லலாம். இல்லாவிட்டால் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிடலாம். நோட்டில் தப்பு இருக்கலாம். ஆனால் தப்பு எந்தப் பக்கத்தில், எந்த வரியில் இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்ட முடியும். இதுதான் ஞாபகத்தின் குணம்.

யந்திரத்தின் ஞாபகமும் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது. நாம் சொன்னவற்றில் சிலதைக் குறிப்பாக எழுதி வைத்துக்கொள்கிறது. அடுத்த தடவை கேள்வி கேட்கும்போது, அதற்குப் பொருந்துகிற குறிப்புகளைத் தேடி எடுத்து, கேள்வியோடு சேர்த்து வைத்துப் படித்துவிட்டுப் பதில் சொல்லுகிறது. அதன் மூளை மாறுவதில்லை; மேஜைமேல் இருக்கிற காகிதம்தான் மாறுகிறது. ஓப்பன்ஏஐ கம்பெனி தன் சாட்ஜிபிடிக்கு 2024 பிப்ரவரியில் இந்த ஞாபகத்தைக் கொடுத்துப் பார்த்தது. சேர்த்து வைத்த குறிப்புகளைத் திறந்து பார்க்கவும், வேண்டாததை அழிக்கவும் வழி வைத்திருந்தார்கள். அது மரியாதையான காரியம். 2025 ஏப்ரலில், பழைய சம்பாஷணைகள் எல்லாவற்றிலிருந்தும் வேண்டியதை எடுத்துக்கொள்ளும்படி விஸ்தரித்தார்கள். அங்கேதான் நோட்டின் கோடுகள் மங்க ஆரம்பிக்கின்றன. நாம் சொன்னது எது, நம்மைப் பற்றி அது ஊகித்தது எது என்ற வித்தியாசம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகிறது.

இனி ருசி. ஜவுளிக் கடையில் நோட்டுக் கிடையாது. "உங்களுக்கு எது பிடிக்கும்னு எனக்குத் தெரியாதா அக்கா" என்று சொல்லி, அரக்கிலும் பச்சையிலுமாக நாலு புடவையை எடுத்துப் போடுகிறார் கடைக்காரர். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அவருக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்டால் அவருக்கே சொல்ல வராது. எந்தப் புடவையின்மேல் கை ஒரு கணம் அதிகமாக நின்றது, எதைப் பார்த்து முகம் மலர்ந்தது என்பதையெல்லாம் வருஷக் கணக்காகப் பார்த்துப் பழகியதன் சாரம் அது. சாமர்த்தியம்தான். ஆனால் நீலப் புடவை அலமாரியை விட்டு இறங்கவே இல்லை என்பதை அந்த அக்கா கவனிக்கப் போவதில்லை. இறங்காத புடவையைப் பற்றி யாரும் கணக்குக் கேட்பதில்லை.

யந்திரம் ருசியைக் கற்றுக்கொள்ளும் விதமும் இந்த ஜாதிதான். இரண்டு பதில்களைக் காட்டி எது மேல் என்று மனிதரைக் கேட்பது. மனிதர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதை முன்கூட்டி ஊகிக்கக் கற்றுக்கொள்வது. பிறகு அந்த ஊகத்துக்கு உகந்தபடி தன்னையே திருத்திக்கொள்வது. 2017ல் ஓப்பன்ஏஐயும் டீப்மைண்டும் சேர்ந்து இதை ஒரு சோதனையாகச் செய்து காட்டின. கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஒரு பொம்மை ரோபோ, மனிதர் சுமார் 900 தடவை 'இது மேல், அது கீழ்' என்று சொன்னதைக் கொண்டே பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போடக் கற்றுக்கொண்டது. ஆச்சரியமான விஷயம். அதே சோதனையில் இன்னொன்றும் நடந்தது. ஒரு பொருளைப் பிடிக்க வேண்டிய ரோபோக் கை, பொருளைப் பிடிக்கவில்லை. பார்க்கிற காமிராவுக்கும் பொருளுக்கும் நடுவே போய் நின்று, பிடித்ததுபோலத் தோற்றம் காட்டியது. பார்த்தவர்களும் சபாஷ் போட்டார்கள். அந்த யந்திரத்தைக் குற்றம் சொல்ல நியாயமில்லை. பொருளைப் பிடி என்று அதற்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. பார்க்கிறவரைத் திருப்திப்படுத்து என்றுதான் கற்றுக் கொடுத்தார்கள். அது பாடத்தைச் சரியாகப் படித்தது.

2025 ஏப்ரல் கடைசியில் சாட்ஜிபிடியில் நடந்ததும் இதன் பெரிய பதிப்புத்தான். புதிதாக ஒரு மாற்றம் செய்தார்கள். செய்த உடனே அது எல்லோருக்கும் ஆமாம் போட ஆரம்பித்தது. அசட்டு யோசனையையும் அபாரம் என்று புகழ்ந்தது. சில நாட்களிலேயே அந்த மாற்றத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பிறகு கம்பெனி கொடுத்த விளக்கத்தில் இரண்டு விஷயங்கள் கவனிக்கத் தக்கவை. ஜனங்கள் பதிலுக்குப் பதில் கட்டைவிரலை உயர்த்தியும் தாழ்த்தியும் காட்டிய சமிக்ஞைக்குப் புதிதாக இடம் கொடுத்தது முகஸ்துதியைத் தடுத்து வைத்திருந்த பிடியைத் தளர்த்திவிட்டது என்பது ஒன்று. பயனாளரைப் பற்றிய ஞாபகமும் சில சமயங்களில் இந்தக் குணத்தை அதிகப்படுத்துகிறது என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது விஷயம் முக்கியம். ஞாபகம் தனியே இருந்தால் நோட்டு. முகஸ்துதிக்காரனின் கையில் கிடைத்தால் அது ஆயுதம். எந்த இடத்தில் சொறிந்தால் சுகமாக இருக்கும் என்பதை அவன் அதிலிருந்துதான் தெரிந்துகொள்கிறான்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழுவது நியாயம். ஞாபகம் மட்டும் இருந்தால் போதுமா? போதாது. 2025ல் வெளியான ஓர் ஆராய்ச்சி இதைச் சோதித்தது. பயனாளர் தம் விருப்பத்தை முதலிலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார். பிறகு வேறு பேச்சுக்கள் பேசிவிட்டு, அந்த விருப்பத்தை அனுசரிக்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்கிறார். நடுவில் பத்துச் சுற்றுப் பேச்சு வந்துவிட்டால் போதும், தனியாக நினைவூட்டாதபோது சோதித்த யந்திரங்களில் பெரும்பாலானவை சொன்னபடி நடந்துகொண்டது 10 சதவிகிதத்துக்கும் குறைவு. விமானம் என்றாலே எனக்குப் பயம் என்று காலையில் சொன்னவருக்கு, மாலையில் காசிக்குப் போக விமான டிக்கெட் பார்த்துக் கொடுப்பதுபோல. சொன்ன வார்த்தை யந்திரத்தின் முன்னாலேயேதான் இருக்கிறது. ஆனால் வேலை செய்யவில்லை. கேட்ட விஷயம் காதில் இருப்பது வேறு, கையில் இருப்பது வேறு. ஆகவே ஞாபகத்திலிருந்து காரியத்துக்கு வர ஒரு பக்குவம் வேண்டும். அந்தப் பக்குவத்தை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை எங்கிருந்து பெறுவது என்பதுதான் கேள்வி. நான் சொன்னதை யோசித்துப் பார்த்து வருகிற பக்குவம் ஒன்று. என் முகம் மலர்வதைப் பார்த்துப் பார்த்து வருகிற பழக்கம் மற்றொன்று. பின்னதைத்தான் நான் ருசி என்று சொல்லுகிறேன்.

இலக்கியத்துக்கு வருவோம். ஆளைத் தெரிந்துகொண்டு நடக்கிற யந்திரங்களின் ஆதி முயற்சிகளில் ஒன்று நாவல் சிபாரிசு செய்வதற்காகவே பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1979ல் எலைன் ரிச் என்ற அமெரிக்கப் பெண்மணி, கிரண்டி என்ற ஒரு கம்ப்யூட்டர் நூலகரைப் பற்றி எழுதினார். வாசகர் தம்மைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். அதைக் கொண்டு, இவர் இன்ன மாதிரி மனிதர் என்று கிரண்டி ஓர் அச்சில் வார்த்துக்கொள்ளும். அந்த அச்சுக்கு ஏற்ற நாவலைச் சொல்லும். வாசகர் வேண்டாம் என்றால், ஏன் என்று கேட்டு அச்சைத் திருத்திக்கொள்ளும். அச்சில் வார்ப்பது எனக்குப் பிடித்த காரியமல்ல. இருந்தாலும் அந்தப் பழைய யந்திரத்திடம் ஒரு கண்ணியம் இருந்தது. அது கேட்டது. ஏன் பிடிக்கவில்லை என்ற கேள்வியை வாசகரிடமே கேட்டது. இன்றைய யந்திரம் கேட்பது குறைவு, பார்ப்பதுதான் அதிகம்.

பிடித்தது என்பதிலிருந்து விமர்சனம் ஆரம்பிக்கலாம். அங்கேயே முடிந்துவிடக் கூடாது என்பதற்காகத் தமிழில் ஒருவர் தம் சொத்தையும் உடம்பையும் செலவழித்தார். எங்களுக்குப் பக்கத்து ஊரான வத்தலகுண்டுக்காரர் சி. சு. செல்லப்பா. 1959 ஜனவரியில் அவர் ஆரம்பித்த 'எழுத்து' 1970 வரை நடந்தது. புதுக்கவிதை என்று இன்று நாம் சாதாரணமாகச் சொல்லுகிற விஷயம் அந்தப் பத்திரிகையில்தான் காலூன்றியது. 1962ல் 'புதுக்குரல்கள்' என்று தொகுப்பாகவும் வந்தது. அன்றைய வாசகர்களின் ருசியைக் கணக்கெடுத்து நடத்துகிற பத்திரிகையாக இருந்தால், அந்தக் கவிதைகளில் ஒன்றுகூட அச்சேறியிருக்காது. ஏனென்றால் அதை விரும்புகிற வாசகன் அப்போது பிறக்கவில்லை. படித்த பிறகுதான் பிறந்தான். இல்லாத ருசியை எந்த யந்திரமும் கற்றுக்கொள்ள முடியாது. இருக்கிற ருசியை மட்டும் கற்றுக்கொள்கிற யந்திரத்திடம் பத்திரிகைகளை ஒப்படைத்துவிட்டால், நேற்றைய வாசகனே நாளைக்கும் இருப்பான்.

இந்த விஷயத்தில் எனக்கு வழிகாட்டியாகத் தோன்றுகிறவர் இலக்கியக்காரர் அல்ல, நூலகர். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து 1924ல் சென்னைப் பல்கலைக் கழக நூலகரானார். 1931ல் நூலக இயலுக்கு ஐந்து விதிகள் சொன்னார். இரண்டாவது விதி, ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுடைய நூல் கிடைக்க வேண்டும் என்பது. மூன்றாவது விதி, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகன் கிடைக்க வேண்டும் என்பது. முதல் தடவை படிக்கும்போது ஒன்றையே திருப்பிப் போட்டு இரண்டாகச் சொன்னாரோ என்று தோன்றும். அப்படியல்ல. இரண்டாவது விதி வாசகன் பக்கம் நின்று பேசுகிறது. மூன்றாவது விதி நூலின் பக்கம் நின்று பேசுகிறது. மூன்றாவது விதியை நிறைவேற்ற அவர் பெரிதாக நம்பியது திறந்த அலமாரியை. பூட்டிய பீரோவிலிருந்து கேட்ட நூலை மட்டும் எடுத்துக் கொடுக்கும் பழக்கம் போய், வாசகன் தானே அலமாரிகளுக்கு நடுவில் நடக்க வேண்டும். ஒன்றைத் தேடிப் போகிறவன் கண்ணில் தேடாதது படும்.

ருசி கற்ற யந்திரம் இரண்டாவது விதியை அபாரமாக நிறைவேற்றுகிறது. மூன்றாவது விதியைக் குழிதோண்டிப் புதைக்கிறது. பழைய பீரோவுக்காவது பூட்டு வெளியே தெரிந்தது. உள்ளே வேறு நூல்களும் இருக்கின்றன என்று வாசகனுக்குத் தெரியும். இங்கே பூட்டே தெரிவதில்லை. எல்லாம் திறந்திருப்பது போலவும், நமக்குப் பிடித்தவை மட்டுமே உலகத்தில் எழுதப்பட்டிருப்பது போலவும் தோன்றும். ஞாபகம் இந்தக் கெடுதலைச் செய்ய வேண்டும் என்பதில்லை. நல்ல நூலகர் ஒருவர், போன மாதம் நீங்கள் இன்ன நூல் கொண்டுபோனீர்கள் என்று ஞாபகம் வைத்திருப்பார். அதனாலேயே இன்று வேறு அலமாரியைக் காட்டவும் செய்வார்.

நூல் விஷயத்தில் நஷ்டம் மனசோடு போகிறது. பயிர் விஷயத்தில் அப்படியல்ல. எங்கள் ஊருக்குத் தெற்கே, அதிக தூரமில்லாத செம்பட்டியில், 2004 அக்டோபரில் ஒரு கிராம வள மையம் திறந்தார்கள். இஸ்ரோவும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, சாட்டிலைட் மூலம் இணைத்து நாட்டிலேயே முதலாவதாகத் திறந்த மையங்களில் அது ஒன்று. எங்கோ இருக்கிற நிபுணரிடம் இங்கிருக்கிற விவசாயி நேரே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது நோக்கம். இன்று அந்த நிபுணரின் இடத்தில் யந்திரம் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது. அது ஆளுக்குத் தகுந்தபடியும் பேசும் என்கிறார்கள்.

ஒரு விவசாயியை வைத்துக்கொள்வோம். மக்காச்சோளம் போட்டிருக்கிறார். 2018ல் இந்தியாவுக்குள் நுழைந்த படைப்புழு, குருத்துக்குள் புகுந்து தின்றுகொண்டிருக்கிறது. கைப்பேசியை எடுத்து, என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்கிறார். இவர் சுருக்கமான பதிலை விரும்புகிறவர். மருந்தின் பெயரைச் சொன்னால் கட்டைவிரலை உயர்த்துவார். முதலில் வயலில் இறங்கி எத்தனை செடியில் சேதம் என்று எண்ணிப் பாருங்கள் என்றால் எரிச்சல்படுவார். ருசி கற்ற யந்திரம் ஒரு வரியில் மருந்தின் பெயரைச் சொல்லும். அவர் திருப்தியாகப் போய் அடிப்பார். ஞாபகமுள்ள யந்திரம், "இதே மருந்தைப் பத்து நாளைக்கு முன்னால்தான் அடித்ததாகச் சொன்னீர்கள். திரும்பத் திரும்ப ஒரே மருந்தை அடித்தால் புழுவுக்கு அது பழகிப்போகும். குருத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று சொல்லும். அவருக்கு இது பிடிக்காது. ஆனால் அவருடைய வயலைப் பற்றிப் பேசியது இந்தப் பதில்தான். முந்தியது அவருடைய மனநிலையைப் பற்றி மட்டும் பேசியது. கேட்டவர் ஒருவர்தான், கேள்வியும் ஒன்றுதான். கணக்கு அறுவடையில் தெரியும்.

ஞாபகத்துக்கும் குற்றங்கள் உண்டு. போன வருஷம் பருத்தி போட்டவர் இந்த வருஷம் மக்காச்சோளத்துக்கு மாறியிருப்பார். யந்திரம் பழைய குறிப்பை வைத்துக்கொண்டு பருத்திக்கே யோசனை சொல்லிக்கொண்டிருக்கும். வீட்டில் நடந்த ஒரு துக்கத்தை நாம் மறக்கப் பார்க்கும்போது அது எடுத்து நீட்டும். நம் நோட்டு அண்ணாச்சியின் மேஜையில் இல்லாமல் கண்காணாத ஊரில் இருக்கிறது என்பது எல்லாவற்றிலும் பெரிய குற்றம். இவையெல்லாம் உண்மை. ஆனால் இந்தக் குற்றங்களுக்கு மருந்து உண்டு. தவறான வரியைத் திருத்தலாம், வேண்டாததை அடிக்கலாம். 2023ல் நம் பார்லிமெண்டில் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தன்னைப் பற்றிய தகவலைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கிற உரிமையை ஒப்புக்கொள்கிறது. குறிப்பாக எழுதி வைத்ததைத்தான் இப்படி அழிக்க முடியும். யந்திரத்தின் சுபாவத்திலேயே ஊறிப்போனதை எந்த வரி என்று காட்டி அழிப்பது? பாலில் கலந்த தண்ணீரைப் பிரித்துக் கொடு என்பதுபோல அது. ஆராய்ச்சிக்காரர்கள் அதற்கும் முயற்சி செய்துகொண்டிருக்கிறார்கள், சுலபமாக இல்லை.

ருசியையே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. தமிழில் கேட்டால் தமிழில் சொல்ல வேண்டும். கண் மங்கியவருக்குச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். படிக்காதவருக்குப் பரிபாஷையில்லாமல் சொல்ல வேண்டும். சொல்லும் விதத்தில் ருசி இருக்கட்டும். சொல்லுகிற விஷயத்தில் அது கைவைக்கும்போதுதான் கெடுதல். கசப்பு மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பது வைத்தியம். தேன் பிடிக்கிறது என்று கண்டுகொண்டு தேனை மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பது வியாபாரம். கற்றுக்கொண்ட ருசி எதுவானாலும் அது நோட்டில் ஒரு வரியாக எழுதப்பட வேண்டும். இது நீங்கள் சொன்னது, இது நானாக ஊகித்தது என்று இரண்டு பத்தியாக எழுதப்பட வேண்டும். ஊகத்தை நாம் அடித்துவிட முடிய வேண்டும்.

இதற்காக யந்திர சாஸ்திரம் படிக்க வேண்டியதில்லை. அடுத்த தடவை உங்கள் ஏஜெண்டு ஒரு புத்தகத்தையோ மருந்தையோ எடுத்து நீட்டும்போது, இதை எதனால் எனக்குச் சொல்லுகிறாய் என்று கேளுங்கள். நோட்டைப் பிரித்துக் காட்டினால் உட்கார்ந்து கணக்குப் பேசலாம். உங்களுக்குப் பிடிக்குமே என்று மட்டும் சொன்னால், அன்றைக்கு வேறு கடை பார்ப்பது நல்லது.